ஒரு படுகொலைய மேடையில ஆடப் போறீங்களா? மொத தடவை பண்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆகஸ்ட் 15 வந்துட்டா போதும், ஏதாவது ஒரு ஸ்கூல்ல ஜாலியன்வாலா பாக் படுகொலைய ஆடிட்டு இருப்பாங்க. பாங்க்ராவுல ஆரம்பிக்கும், எல்லாரும் சிரிச்சுட்டே சுத்துவாங்க, திடீர்னு ஸ்பீக்கர்ல டபடபன்னு சத்தம், செவப்பு லைட்டு, பிள்ளைங்க கூட்டமா சுருண்டு விழுவாங்க, ஒருத்தி மட்டும் நடுவுல நின்னு வானத்தப் பாத்து கத்துவா, அப்புறம் தேசபக்திப் பாட்டு, கைதட்டல், அடுத்த ஐட்டம். பாத்த யாருக்கும் எதுவும் ஆகறதில்ல, ஆடுன பிள்ளைங்க சைட்ல போய் சமோசா சாப்புடுவாங்க. இதுல பிள்ளைங்க மேல குத்தம் இல்ல, அத அமைச்சவங்க மேல தான்.

டான்ஸ் கத்துக்கிட்டு இப்போ தான் சொந்தமா ஒரு ஐட்டம் அமைக்கலாம்னு நினைக்கிறவங்க, ஸ்கூல் டீச்சர், காலேஜ் கல்ச்சுரல்ஸ் பசங்க, இவங்களுக்காகத் தான் இத எழுதுறேன். பரதத்த வச்சு சொல்றேன், எனக்குத் தெரிஞ்சது அது தான். உதாரணத்துக்கு ஜாலியன்வாலா பாக்கையே, அதாவது 1919ல அமிர்தசரஸ்ல ஒரு தோட்டத்துல கூடியிருந்த ஜனங்கள ராணுவம் சுட்டத எடுத்துக்கறேன், ஏன்னா எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, ஆனா எல்லாரும் ஒரே மாதிரி கெடுக்கிற கதை.

மொதல்ல சம்பவத்த சின்னதாக்குங்க

ஒரு படுகொலைய முழுசா ஆட முடியாது. 379 பேர் செத்தாங்கன்னு அரசாங்கக் கணக்கு, கிட்டத்தட்ட ஆயிரம்னு காங்கிரஸ் கணக்கு, இதுல எத அபிநயத்துல காட்டுவீங்க? எண்ணிக்கைக்கு முத்திரை கிடையாது. ஒரு ஆள், ஒரு எடம், சில மணி நேரம், அவ்ளோ தான் உங்களுக்கு வேணும். பதம், அதாவது அபிநயத்துக்குன்னே இருக்கற மெதுவான பாட்டு, ஆடிப் பழகுனவங்களுக்கு இது புரியும், அங்கயும் ஒருத்தி ஒரு திண்ணையில உக்காந்து காத்துட்டு இருக்கறத தான இருபது நிமிஷம் ஆடறோம்.

ஆள எங்க தேடுறது? வாக்குமூலத்துல. பெரிய சம்பவம் எதுவா இருந்தாலும் விசாரணை, கமிஷன், பேட்டின்னு ஏதோ ஒண்ணு இருக்கும், அத மொழிபெயர்ப்புலயாவது வரிக்கு வரி படிங்க. வாட்ஸ்அப்ல வர்ற கதைய வச்சு ஸ்கிரிப்ட் எழுதிடாதீங்க. ஜாலியன்வாலா பாக்ல திரும்பத் திரும்ப வர்ற தப்பு சிலது சொல்றேன், செக் பண்ணிக்கோங்க. இதுக்குப் பழிவாங்குன உத்தம் சிங் சுட்டது, அங்க சுட உத்தரவு போட்ட ஜெனரல் டயர இல்ல. டயர் 1927லயே செத்துட்டாரு. 1940 மார்ச் 13ல லண்டன் காக்ஸ்டன் ஹால்ல உத்தம் சிங் சுட்டது மைக்கேல் ஓ'டயர, அவரு 1919ல பஞ்சாபோட லெப்டினன்ட் கவர்னர். ரெண்டு பேரும் வேற வேற ஆளு. அப்புறம், பிள்ளைங்க மூஞ்சில வெள்ளப் பவுடர் அப்பி வெள்ளக்கார சிப்பாயா நிறுத்துறாங்க பாருங்க, அதுவும் தப்பு. உத்தரவு போட்டது டயர், ஆனா துப்பாக்கி புடிச்ச 50 பேரும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துல இருந்த கூர்க்கா, இந்திய சிப்பாய்ங்க. இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா இத மாத்துனா உங்க ஐட்டமே மாறிடும், ஏன்னா வில்லனுக்கு ஒரு கலர் குடுத்து தப்பிச்சுக்க முடியாது.

சுடறத காட்டாதீங்க

இத தான் நான் அழுத்திச் சொல்லுவேன். சுடறத, விழறத, கிணத்துல குதிக்கறத காட்டாதீங்க. பழைய ஆளுங்களும் இத தெரிஞ்சு தான் வச்சிருக்காங்க, போர், சாவு, நகரத்த முற்றுகை போடறது இதெல்லாம் நேரா மேடையில நடத்தக் கூடாது, வேற பாத்திரத்து வாயால தெரிவிக்கணும்னு நாட்டிய சாஸ்திரத்துலயே இருக்கு. காரணம் சம்பிரதாயம் மட்டும் இல்ல. மேடையில விழுந்து சாகறவன எல்லாருக்கும் தெரியும், அவன் எந்திரிச்சு வீட்டுக்குப் போவான்னு. ஆனா செத்தவன் பக்கத்துல உக்காந்திருக்கறவளோட ராத்திரி பொய்யா தெரியாது.

அந்த ராத்திரிக்கு ஒரு சாட்சி இருக்காங்க, ரத்தன் தேவி. பாக் பக்கத்துலயே வீடு. காங்கிரஸ் விசாரணை அறிக்கையில 1920ல வெளியான அவங்க வாக்குமூலம் தான் எனக்குத் தெரிஞ்சு இந்தச் சம்பவத்துல ஆடறதுக்கு இருக்கற பெரிய பொக்கிஷம், ஆனா அத யாரும் தொடறதில்ல, எல்லாரும் துப்பாக்கி சத்தத்துக்கே போயிடுறாங்க.

நடந்தது இது தான். 1919 ஏப்ரல் 13, பஞ்சாபோட அறுவடைத் திருநாளான பைசாகி நாள். காலையில ஊருக்குள்ள தண்டோரா போட்டு சொல்லிட்டுப் போறாங்க, கூட்டம் கூடக் கூடாது, ராத்திரி எட்டு மணிக்கு மேல யாரும் வெளிய வரக் கூடாதுன்னு, பாதி ஊருக்கு அது காதுலயே விழல. சாயங்காலம் அஞ்சு மணி தாண்டி சுட ஆரம்பிச்சு, கிட்டத்தட்ட பத்து நிமிஷம், 1650 ரவுண்டு. ரத்தன் தேவி வீட்டுல படுத்திருக்காங்க, சத்தம் கேக்குது, புருஷன் அங்க போயிருக்காரு. ரெண்டு பொம்பளைங்க தொணையோட ஓடறாங்க. பொணக் குவியலுக்கு நடுவுல தேடிக் கண்டுபுடிச்சு, தெரிஞ்ச பையன்க ரெண்டு பேர கயித்துக் கட்டில் எடுத்துட்டு வரச் சொல்லி அனுப்பறாங்க. அதுக்குள்ள எட்டு மணி ஆயிடுது. ஊரடங்கு. போன பையன்க திரும்பி வர முடியல. ஒரு சீக்கியர் கிட்ட கெஞ்சி, அவரு தலைப்பக்கம் இவங்க கால்பக்கம் புடிச்சு, ரத்தம் தேங்காத காஞ்ச எடத்துக்கு ஒடம்ப நகத்தறாங்க. பத்து மணி வரைக்கும் பாத்துட்டு உதவி கேட்டு தெருவுக்குப் போறாங்க, ஜன்னல்ல உக்காந்திருந்தவரு முடியாதுங்கறாரு, இன்னொருத்தரும் அதே தான், ஒரு பெரியவர் மட்டும் எரக்கப்பட்டு கூட இருந்தவங்கள போகச் சொல்றாரு, அவங்க சுட்டுடுவாங்கன்னு பயந்து வரல. திரும்பி வந்து புருஷன் பக்கத்துல உக்காந்துடறாங்க. கையில ஒரு மூங்கில் கம்பு கெடைக்குது, நாய் வந்தா ஓட்டறதுக்கு.

அங்க பன்னெண்டு வயசு வாக்குல ஒரு பையன் அடிபட்டுக் கெடக்கான், என்ன விட்டுட்டுப் போகாதீங்கங்கறான். குளுருதா, போத்தி விடட்டான்னு கேக்கறாங்க. அவன் தண்ணி கேக்கறான். தண்ணி இல்ல. மணிக்கொரு தடவை எங்கயோ கடிகாரம் அடிக்கறது கேக்குது. ரெண்டு மணிக்கு சுவத்துல சிக்கிக் கெடந்த ஒரு கிராமத்து ஆளு, என் காலக் கொஞ்சம் தூக்கி விடுங்கன்னு கூப்புடறாரு. எந்திரிச்சுப் போய் தூக்கி விடறாங்க. காலையில ஆறு மணி வாக்குல தான் கட்டில் வருது.

இத அப்படியே ஒரு ஐட்டமா அமைக்கலாம், யோசிச்சுப் பாருங்க, தாளமே அதுக்குள்ள இருக்கு. கடிகாரம். நட்டுவாங்கத் தாளத்த, அதாவது பாட்டுக்காரங்க பக்கத்துல தட்டற உலோகக் கைத்தாளத்த மட்டும் வச்சு மணி அடிங்க, மிருதங்கம் வேண்டாம், ஒம்போது, பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு அடி கூடிக்கிட்டே போகும், பன்னெண்டுக்கு அப்புறம் ஒரே ஒரு அடி. அந்த ஒத்த அடி விழும்போது ஹாலே எப்படி ஆகுதுன்னு பாருங்க, எந்த துப்பாக்கி எஃபெக்ட்டும் அதுக்கு முன்னாடி நிக்காது. ஆரம்பத்துக்கு காலைல போட்ட தண்டோரா போதும், அந்த அறிவிப்பு வரிகள ஒரு குரல் படிக்க தவில்லயோ மிருதங்கத்துலயோ சும்மா ஒரு தட்டு. பாங்க்ராவ விட்டுடுங்க.

ஆடறவங்க ஒரே ஆளா இருந்தாலும் போதும், ஜன்னல்காரர், பெரியவர், பையன் எல்லாரையும் அவங்களே மாறி மாறி காட்டலாம், பரதத்துல அது புதுசு இல்ல. ஆனா ஒரு எச்சரிக்கை. வாக்குமூலத்துல வலியில துடிக்கற ஒரு எருமையும் வருது. உடனே கொம்பு முத்திரை புடிக்கத் தோணும். புடிச்சா சபையில யாராவது ஒருத்தர் சிரிப்பாங்க, கண்டிப்பா. ரத்தன் தேவியோட பார்வை அந்தப் பக்கம் போய் நிக்கறது போதும், அங்க என்ன இருக்குன்னு சொல்லவே வேண்டாம். நாய ஓட்டறதும் அப்படித் தான், நாய காட்டாதீங்க, கம்பு புடிச்ச கைய மட்டும் காட்டுங்க, மணி ஏற ஏற அந்தக் கை எப்படித் தளருதுன்னு.

டயர காட்டித் தான் ஆகணும்னா ஒரு நாற்காலி போடுங்க, ஒரு குரல் வைங்க. அரசாங்கம் வச்ச விசாரணைக் குழுவான ஹண்டர் கமிட்டி முன்னாடி அவரு சொன்னது பதிவுல இருக்கு: காயம்பட்டவங்களுக்கு உதவறது என் வேலை இல்ல, ஆஸ்பத்திரி தெறந்து தான இருந்துச்சு, போயிருக்கலாமேங்கற மாதிரி. இத காலி நாற்காலி மேல லைட் போட்டு சொல்ல வச்சுட்டு, அடுத்து எட்டு மணி அடிக்க வைங்க. வேற வசனமே தேவையில்ல. மேசையச் சுத்தி நிக்கற கனவான்கள வச்சே ஒரு போர்க்கதைய ஆரம்பிச்சு முடிக்கலாம்னு ஜெர்மனிக்காரர் கர்ட் யோஸ் 1932லயே பண்ணிக் காட்டிட்டாரு, அந்த பாலேவோட பேரு 'பச்சை மேசை', வீடியோ கெடைக்கும், பாருங்க.

அழுகைய எங்கேர்ந்து எடுக்கறது

சோகம்னா உடனே சிவரஞ்சனி, சுபபந்துவராளின்னு சோக ராகம், மொகத்துல ஒரே எக்ஸ்பிரஷன். பத்து நிமிஷம் அழுத மூஞ்சியவே பாத்தா சபை மூணாவது நிமிஷம் ஃபோன எடுத்துடும். தொல்காப்பியத்துல மெய்ப்பாட்டியல்ல அழுகைக்கு நாலு காரணம் சொல்லியிருக்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது அவமானப்படறது, இழக்கறது, இருந்த நெலையிலேர்ந்து தாழறது, இல்லாமப் போறது. ரிகர்சலுக்கு இது எவ்ளோ உதவும்னு செஞ்சு பாத்தா தான் தெரியும். ரத்தன் தேவி ஒடம்பக் கண்டுபுடிக்கறது இழவு. தெருவுல கைகூப்பிக் கெஞ்சி, ஒவ்வொருத்தரா முடியாதுங்கறது இளிவு. பையனுக்குத் தண்ணி இல்லாதது வறுமை. நாலு அழுகைக்கும் ஒடம்பு வேற மாதிரி நிக்கும், மூச்சு வேற மாதிரி போகும். கெஞ்சும்போது அழுவாங்களா? எனக்கென்னமோ மாட்டாங்கன்னு தான் தோணுது, அப்போ வேலை ஆகணும், ஆள் கெடைக்கணும். கண்ணு தண்ணி வர்றது அந்தக் கம்பு கெடைச்சப்புறமா இருக்கலாம். இதெல்லாம் நீங்களும் ஆடறவங்களும் உக்காந்து பேசி முடிவு பண்ற விஷயம்.

கண்ணீர் நெஜமா வரணும்னு சில டீச்சர்ங்க பிள்ளைங்கள உங்க அப்பா செத்துட்டதா நெனச்சுக்கோன்னு சொல்றாங்க. தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. அந்தப் பிள்ளைக்கு போன வருஷம் நெஜமாவே வீட்டுல சாவு விழுந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாது. மூச்ச விட்டு விட்டு இழுக்கறது, தோள எறக்கறது, பார்வைய ஒரே எடத்துல நிறுத்தறது, இத சரியா செஞ்சாலே மொகம் தானா வரும்.

கெடக்கறது தான் கஷ்டம்

குரூப் ஐட்டமா இருந்து பொணமா சில பேர் கெடக்கணும்னா இத படிங்க, யாரும் சொல்லித் தர மாட்டாங்க. சலங்கைய கழட்டிடுங்க. சலங்கை கட்டுன பொணம் கால் லேசா அசைஞ்சாலே கிலுங்குன்னு சத்தம் போடும், கடிகார அடியே கெட்டுடும், ரத்தன் தேவிக்கும் சலங்கை வேண்டாம்னே சொல்லுவேன், மேடையில உலோகச் சத்தம் ஒண்ணு தான் இருக்கணும். மல்லாக்கப் படுத்தா வயிறு ஏறி எறங்கறது லைட்டுல தெரியும், அதனால ஒருக்களிச்சோ குப்புறவோ. ஒரே பக்கம் பத்து நிமிஷம் கெடந்தா கை மரத்துப் போயி எந்திரிக்கும்போது தடுமாறுவாங்க, அதனால லைட் மாறும்போது ஒருத்தர் ஒருத்தரா எந்திரிச்சுப் போற மாதிரி வைங்க. சிமென்ட் தரையில விழற ரிகர்சல் பண்ணாதீங்க, முட்டி போயிடும், முழுமண்டி, அதாவது குத்த வச்சு உக்கார்ற நெலை வழியா எறங்கி இடுப்பு, தோள்னு வரிசையா தரையத் தொடப் பழக்குங்க, நீ-பேட் போட்டுட்டு.

ரிகர்சல்ல பிள்ளைங்க சிரிப்பாங்க. பொணமா கெடக்கும்போது ஒருத்தி ஆரம்பிச்சா எல்லாரும் குலுங்குவாங்க. திட்டாதீங்க. அது மரியாதை இல்லாத சிரிப்பு இல்ல, பயத்தத் தள்ளி வைக்கிற சிரிப்பு, ரெண்டு மூணு தடவைல தானா அடங்கிடும். சிரிக்கவே சிரிக்காம ஒருத்தி ரொம்ப அமைதியா ஆயிட்டா தான் கவனிக்கணும்.

ஆடறவங்கள பாத்துக்கறது

ஒடம்புக்கு நடிப்பு எது நெஜம் எதுன்னு முழுசா தெரியாது. அழற மாதிரி மூச்சு விட்டா நெஞ்சு நெஜமாவே அடைக்கும். மெயின் ரோல் பண்றவங்களுக்கு ராத்திரி தூக்கம் கெடும், சாப்பாடு எறங்காது, காரணமில்லாம எரிஞ்சு விழுவாங்க, இத நான் நெறைய பேர்கிட்ட பாத்திருக்கேன். அதனால தெனமும் முழு உணர்ச்சியோட ஓட்டாதீங்க. வாரத்துல ஒரு நாள் முழுசா, மத்த நாளெல்லாம் அடவும், யார் எங்க நிக்கணும்ங்கற பிளாக்கிங்கும் மட்டும் மார்க் பண்ணி. முழுசா ஓட்டுன அன்னிக்கு முடிச்சதும் அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தரையத் தொட்டுக் கும்பிட்டு, மொகம் கழுவி, டிரஸ் மாத்தி, பாத்திரத்தோட பேர விட்டுட்டு சொந்தப் பேர சொல்லிக் கூப்புட்டு, சூடா ஏதாவது குடிக்க வச்சு, ஊர்க்கதை பேசி, அப்புறம் அனுப்புங்க. ரிகர்சல எப்பவும் வேற ஐட்டத்துல முடிங்க, ஒரு அலாரிப்பு ஆடிட்டுப் போகட்டும். யாராவது எனக்கு இந்த ரோல் வேண்டாம்னா காரணம் கேக்காம மாத்திக் குடுங்க.

பத்து வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு செத்தவங்க, அடிபட்டவங்க ரோல் குடுக்காதீங்க. இதுல என்கிட்ட விவாதத்துக்கே எடம் இல்ல.

உயிரோட இருக்கறவங்க கதைன்னா

1919 சம்பவத்துல நேர்ல பட்டவங்க இப்போ இல்ல. ஆனா கீழ்வெண்மணி ஆடணும்னா கணக்கே வேற. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயக் கூலிக் குடும்பங்கள்ல 44 பேர், குழந்தைங்களும் பொம்பளைங்களும் தான் அதிகம், ஒரு குடிசையில வச்சு எரிக்கப்பட்டாங்க. அந்தக் குடும்பங்க இப்பவும் அங்க தான் இருக்கு, வருஷா வருஷம் டிசம்பர் 25 அந்த ஊர்ல கூட்டம் கூடுது. அங்க ஒரு தடவை கூட போகாம, யார்கிட்டயும் பேசாம, சென்னை ஏசி ஹால்ல குடிசை எரியற மாதிரி ஆரஞ்சு லைட் போடறது எனக்கு சரியாப் படல. போங்க, பேசுங்க, நாங்க இத ஆடலாம்னு இருக்கோம், என்ன காட்டணும் என்ன காட்டக் கூடாதுன்னு கேளுங்க, வேண்டாம்னு சொன்னா விட்டுடுங்க. பறைய எஃபெக்டுக்காக ரெக்கார்டிங்ல இருந்து உருவிப் போடறதுக்குப் பதிலா அடிக்கற கலைஞர்கள மேடையேத்தி, சம்பளம் குடுத்து, பேரு போடுங்க. அழைப்பிதழப் பாத்ததும் நீங்க என்ன சாதி, யார் கதைய ஆடறீங்கங்கற கேள்வி வரும், வரட்டும், பதில் தயாரா வைங்க.

முள்ளிவாய்க்கால் இன்னும் கிட்ட. மே 18க்கு டொரோன்டோலயும் லண்டன்லயும் நடக்கற நிகழ்ச்சிகள்ல ஆடற பிள்ளைங்க பல பேர் 2009க்கு அப்புறம் பொறந்தவங்க, ஆனா முன்வரிசையில உக்காந்திருக்கறவங்க அங்கேர்ந்து நடந்து வந்தவங்க. அங்க ஷெல் சத்தம் போடவே போடாதீங்க, புகை மெஷினும் வேண்டாம், திடீர் இருட்டும் வேண்டாம். பிள்ளைங்களுக்கு செத்து விழற வேலை குடுக்காம கஞ்சிக்கு வரிசையில நிக்கற வேலை குடுங்க, பாத்திரம் ஏந்துன கையும் அதுல எவ்ளோ விழுதுன்னு பாக்கற கண்ணும் போதும், அந்த சபைக்கு அதுக்கு மேல சொல்லத் தேவையில்ல. முன்னாடியே அம்மம்மாகிட்டயோ மாமாகிட்டயோ பிள்ளைங்கள உக்கார வச்சு, அவங்க சொல்ல விரும்புனத மட்டும் கேக்க வைங்க. தோண்டித் துருவ விடாதீங்க.

சபை

மார்த்தா கிரகாம்னு அமெரிக்க டான்ஸர் 1930ல 'லமென்டேஷன்'னு ஒரு சோலோ பண்ணாங்க, பெஞ்சுல உக்காந்தபடியே, ஒரு இழுபடற துணிக் குழாய்க்குள்ள. அத பாத்துட்டு, தன் பிள்ளை விபத்துல சாகறத கண்ணால பாத்தும் அழ முடியாம இருந்த ஒரு அம்மா அன்னிக்கு அழுதுட்டு மேடைக்குப் பின்னால வந்து நன்றி சொன்னதா கிரகாமே சொல்லியிருக்காங்க. இதெல்லாம் நடக்கும். அதனால தான் பொறுப்பும் ஜாஸ்தி, பாக்கறவங்க என்ன சுமந்துட்டு வந்து உக்காந்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி காம்பியர் ரெண்டு வரில சொல்லட்டும், இது என்ன சம்பவம், எதப் பத்தி ஆடப் போறோம், வெளிய போகணும்னா கதவு எந்தப் பக்கம். உணர்ச்சிகரமான, நெஞ்சை உருக்கும்னு எல்லாம் அடுக்க வேண்டாம், உருகுதா இல்லையான்னு அவங்க பாத்துப்பாங்க. கதவுகிட்ட தண்ணியோட ஒரு வாலண்டியர் நிக்கட்டும், யாராவது எந்திரிச்சுப் போனா பின்னாடியே ஓடாம, கொஞ்ச தூரத்துல நின்னா போதும்.

கச்சேரில எங்க வைக்கறதுன்னு கேப்பாங்க. இதுக்கு அடுத்து குதிச்சுக்கிட்டு தில்லானா வராத மாதிரி பாத்துக்கோங்க, இடைவேளைக்கு முன்னாடி வைக்கறது நல்லது, ஜனங்க எந்திரிச்சு வெளிய போயி காத்து வாங்கட்டும். முடிவுல உடனே ஃபுல் லைட் போட்டு, ஆடுனவங்க வரிசையா வந்து சிரிச்சுட்டே வணக்கம் வைக்க வேண்டாம். லைட்ட மெதுவா ஏத்துங்க, யாரும் கை தட்டலன்னா ஐட்டம் ஃபெயில்னு அர்த்தம் இல்ல, கை தட்டுனாலும் தப்பு இல்ல. சீஃப் கெஸ்ட்ட மேடைக்குக் கூப்புட்டு பொன்னாடை போத்தற சமாச்சாரத்த இந்த ஐட்டத்துக்கு அடுத்து வைக்கச் சொல்லி கமிட்டிக்காரங்க அடம் புடிப்பாங்க, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, முன்னாடியே பேசி நிகழ்ச்சி நிரல்ல எழுதி வாங்கிடுங்க.

அப்புறம் ரீல்ஸ். பேரன்ட்ஸ் எல்லாரும் ஃபோன தூக்கிப் புடிப்பாங்க, மறுநாள் உங்க ஐட்டத்துல பிள்ளைங்க பொணமா கெடக்கற முப்பது செகண்ட், ஏதோ ஒரு சினிமா சோகப் பாட்டு பின்னணியோட, பட்டாம்பூச்சி எமோஜி போட்டு சுத்தும். மொத்தமா தடுக்க முடியாது, ஆனா ரிகர்சல் நடக்கும்போதே பேரன்ட்ஸ் குரூப்ல சொல்லி வைங்க, முழு வீடியோ நாங்க எடுத்து ரெண்டு நாள்ல லிங்க் தர்றோம், துண்டு போடாதீங்கன்னு. சொன்ன மாதிரி ரெண்டு நாள்ல குடுத்துடுங்க, லேட்டாச்சுன்னா துண்டு தான் சுத்தும்.